மரக்கடையில் சொல்லும் பெயரை எவ்வளவு நம்பலாம்?

உருதுவில் சனோபர் என்று ஒரு மரம் உண்டு. அகராதியைப் புரட்டினால் பைன் என்று போட்டிருக்கும். ஆனால் பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் ஜியாரத் என்ற ஊரைச் சுற்றி, 2013இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பழமையான ஜூனிப்பர் காடு இருக்கிறதே, அதையும் உருதுப் பத்திரிகைகள் சனோபர் காடு என்றுதான் எழுதும். எல்லை தாண்டி ஈரானுக்குள் போய் அதே பெயரைச் சொன்னால் பாப்ளர் மரத்தைக் காட்டுவார்கள். பைனும் ஜூனிப்பரும் ஊசியிலைக் கூட்டம், தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். பாப்ளர் அகன்ற இலை மரம், அந்தப் பக்கமே சேராது.

ஆங்கிலம் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. உண்மையான சீடர் (cedar) மரம் என்றால் லெபனான் மலைகளில் வளர்வதும் இமயமலைத் தேவதாருவும் அவற்றின் நெருங்கிய சொந்தங்களும்தான். அமெரிக்காவில் பென்சில் செய்யப் பயன்பட்ட ரெட் சீடர் ஒரு ஜூனிப்பர். ஆஸ்திரேலியாவின் ரெட் சீடர் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே இனத்தை வட இந்தியாவில் தூன் என்பார்கள். ஓக் கதையும் இப்படித்தான். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, ஓக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சவுக்குக்கும்கூட ஆங்கிலத்தில் ஷீ-ஓக் என்று ஒரு பெயர் இருக்கிறது.

இதையெல்லாம் மக்களின் அறியாமை என்று சிரித்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தப் பெயர்களில் பலவற்றை வைத்தவர்கள் இலையையும் பூவையும் பார்த்து வைக்கவில்லை. பலகையைப் பார்த்து வைத்தார்கள். மர டிப்போவுக்கு வந்து சேர்ந்த கட்டையில் இலை, பூ, காய், பல சமயம் பட்டைகூட இருக்காது. மிச்சம் இருப்பது நிறம், மணம், கனம், ரேகை. அவற்றை வைத்துப் பார்த்தால் அவர்கள் கவனித்தது சரிதான்.

ஓக்கையே எடுத்துக்கொள்வோம். மரத்தின் பெரும்பாலான செல்கள் வேரிலிருந்து கிளை நோக்கி நீளவாக்கில் ஓடும். அவற்றுக்குக் குறுக்கே, நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சத்தைச் சேமித்துக் கடத்தும் செல் வரிசைகள் உண்டு. இவற்றை ஆரக்கதிர்கள் என்பார்கள். பெரும்பாலான மரங்களில் இவை மெல்லிசு, கண்ணுக்கே தெரியாது. ஓக்கில் அகலமாக இருக்கும், அதனால் ஆரத்தை ஒட்டி அறுத்தால் பலகை முழுக்க வெள்ளிப் பூச்சு போன்ற பளபளப்பான திட்டுகள் வரும். சில்வர் ஓக்கிலும் சவுக்குக் குடும்பத்திலும் இதே அகலமான கதிர்கள் உண்டு. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் அந்தத் திட்டுகளைப் பார்த்து ஓக் என்றார்கள். மரம்தான் வேறு, அமைப்பு அதே அமைப்பு.

சீடர் விஷயத்தில் வேலை செய்தது மூக்கு. ரோஸ்வுட்டும் அப்படித்தான், ரோஜாச் செடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, புதிதாக அறுக்கும்போது வரும் வாசனைதான் பெயர் ஆனது. சரி, செத்த கட்டைக்கு எங்கிருந்து வாசனை? மரத்தின் வெளிப்பகுதி, தச்சர்கள் வெள்ளை என்று ஒதுக்குவது, நீர் ஏறும் பகுதி. அதிலுள்ள சில செல்கள் உயிரோடிருந்து மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். மரம் பருக்கப் பருக்க உள்ளே மாட்டிக்கொண்ட செல்கள் சாகும், ஆனால் சாகும் முன் அந்தச் சேமிப்பைப் பீனால்கள், டெர்பீன்கள் என்று வேறு வேதிப்பொருள்களாக மாற்றி அக்கம்பக்கத்துச் செல்களில் இறக்கிவிட்டுச் சாகும். அப்படி உருவாவதுதான் வைரம். அதன் நிறமும் மணமும் கரையானுக்குப் பிடிக்காத குணமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தேவதாருவில் ஹிமாசலீன் என்ற வகை எண்ணெய்ச் சேர்மங்கள் நிறைய. ஸ்ரீநகர் படகு வீடுகளுக்கும், 19ஆம் நூற்றாண்டில் வட இந்திய ரயில் பாதைகளின் கட்டைகளுக்கும் இந்த மரத்தைத் தேடிப் போனதற்கு முக்கியமான காரணம் இந்த வைரம்தான். அதே தேவதாருவின் வெள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தேக்கிலும் அப்படியே, அதனால் "ஒரிஜினல் தேக்கு சார்" என்று யாராவது சொன்னால் அதில் வெள்ளை எவ்வளவு என்று பார்ப்பது பெயரைக் கேட்பதைவிட உபயோகமானது.

இப்போது லாகூர் பக்கத்து மரக்கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தியார், கைல், பர்த்தல் என்று மூன்று பெயர்கள் அடிபடும். தியார் என்பது தேவதாரு, இருப்பதில் விலை கூடியது. கைல் ஒரு பைன். பர்த்தல் என்பதில் ஃபிர், ஸ்புரூஸ் என்ற இரண்டு ஊசியிலை மரங்களும் கலந்து வரும். எல்லாமே வெளிர் நிறப் பலகைகள், சாயம் பூசிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பிரித்துப் பார்க்கத் தேவையானது கூரான பிளேடும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும்தான். பலகையின் முனையில், அதாவது குறுக்குவெட்டில், ஒரு சின்ன இடத்தைச் சுத்தமாகச் சீவ வேண்டும். ரம்பம் ஓடிய பரப்பில் செல்கள் நசுங்கி ஒன்றும் தெரியாது. சீவிய இடத்தை லேசாக நனைத்துவிட்டுப் பார்த்தால், கோரைப்புல் கட்டு ஒன்றை நுனியிலிருந்து பார்க்கிற மாதிரி செல்களின் வாய்கள் தெரியும். பெரிய துளைகள் இருந்தால் அகன்ற இலை மரம், ஏனென்றால் நீர் கடத்தத் தனிக் குழாய்கள் அதில்தான் உண்டு. இல்லாவிட்டால் ஊசியிலை மரம். (ஆங்கிலத்தில் முதலாவதை ஹார்டுவுட், இரண்டாவதை சாஃப்ட்வுட் என்பார்கள். நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் பால்சாவும் இந்தக் கணக்கில் ஹார்டுவுட்தான்!)

அடுத்துப் பிசின் குழாய்கள். கைலில் இவை பெரியவை, ஆண்டு வளையத்தின் அடர்ந்த பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஸ்புரூஸில் சிறியவை, அங்கொன்றும் இங்கொன்றும். ஃபிரில் கிடையாது. ஆகக் கடைக்காரர் ஒரே பெயரில் விற்கும் பர்த்தலை லென்ஸ் இரண்டாகப் பிரித்துவிடும். தேவதாருவிலும் இயல்பாகக் கிடையாது, ஆனால் மரம் எப்போதாவது காயம் பட்டிருந்தால் அந்த ஆண்டின் வளையத்தை ஒட்டி ஒரே வரிசையாகப் பிசின் குழாய்கள் உருவாகியிருக்கும். அப்புறம் அந்த எண்ணெய் மணம், சீவிய உடனே மூக்கில் ஏறும்.

லென்ஸ் தடுமாறும் இடமும் உண்டு. பஞ்சாபின் ஷீஷம், ஆங்கிலத்தில் இந்தியன் ரோஸ்வுட் என்று விற்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோமே, அதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இரண்டும் டால்பெர்ஜியா பேரினம். அந்தப் பேரினப் பலகையின் பக்கவாட்டில் நீர் அலைபோல நுண்ணிய கோடுகள் தெரியும், செல்கள் மாடி மாடியாக அடுக்கப்பட்டிருப்பதால். பேரினம் வரைக்கும் அது கொண்டுவந்துவிடும். ஆனால் அதில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள். எது என்று உறுதியாகச் சொல்ல டி.என்.ஏ. வேண்டும், அல்லது ஒரு சிராயைச் சூடான ஹீலியத்தில் காட்டி, கிளம்பும் வேதிப்பொருள்களை நிறை நிறமாலைமானி என்ற கருவியில் எடை போட வேண்டும். அமெரிக்காவின் ஆஷ்லாந்தில் வன உயிரினக் குற்றங்களுக்கான தடயவியல் ஆய்வகம் செய்வது இதைத்தான். தச்சரின் மூக்கு பிடித்த அதே வைரத்துச் சேர்மங்களை இயந்திரம் எண்ணாகத் தருகிறது.

ஆனால் எல்லாத் துறைமுகத்திலும் இந்த இயந்திரம் இருக்காதே. அதனால்தான் 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாடு, ஒவ்வொரு இனமாகப் பிரிக்காமல் டால்பெர்ஜியாவை மொத்தமாக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மெதுவாக வளரும் ஈட்டிக்கு அது நியாயம். ஷீஷம் பாடு திண்டாட்டமானது. அது பஞ்சாபில் கால்வாய்க் கரையெல்லாம் நட்டு வளர்க்கும் மரம், லாகூர் அருகே சாங்கா மாங்கா காட்டில் 1866இலேயே ரயில் எஞ்சின் விறகுக்காக நட்டுப் பயிரிட்டது. ஷீஷத்தில் கைவினைப் பொருள் செய்து ஏற்றுமதி செய்பவர்களுக்காக இந்தியா தொடர்ந்து வாதாடியது. 2022இல் பனாமாவில் கூடிய மாநாட்டில் வழி பிறந்தது: ஒரு பொருளில் உள்ள ஷீஷம் 10 கிலோவுக்குக் குறைவு என்றால், எத்தனை பொருள்களை ஒன்றாக அனுப்பினாலும் சைட்டிஸ் அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை.