மங்கலான திருட்டுப் பிரிண்டில் மங்காத முகவரி

"தியேட்டரில் யாரோ கைபேசியில் எடுத்த படம். நடிகரின் முகமே சரியாகத் தெரியவில்லை. அதை வைத்து எந்தத் திரையரங்கு, எந்தக் காட்சி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

பிரிண்ட் ஏன் அவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். டிஜிட்டல் சினிமா தரவிதிப்படி திரையின் வெள்ளைப் பகுதியே சதுர மீட்டருக்கு 48 கேண்டெலாதான் (கேண்டெலா என்பது ஒளியின் அளவை அலகு). இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் கேமரா தன் உணர்திறனை ஏற்றிக்கொள்ளும். உடனே படமெங்கும் புள்ளி புள்ளியாக இரைச்சல். படம் நொடிக்கு 24 சட்டகம் ஓட, கேமரா 30 எடுத்தால் நகரும் காட்சியெல்லாம் திக்கும். மைக்கின் தானியங்கிச் சுற்று, அமைதியான இடம் வந்ததும் ஒலியைக் கூட்டிவிடுவதால் பின்வரிசை இருமல்கூட வசனம்போலக் கேட்கும். அப்புறம் அளவைக் குறைக்கிறார்கள். திரையரங்குக்குப் போகும் படம் நொடிக்கு 25 கோடி பிட் (0 அல்லது 1 என்ற தகவல் துணுக்கு) வரை கொண்டது. இரண்டரை மணி நேரத்தை ஒரு ஜிபிக்குள் அடைத்தால் நொடிக்குச் சுமார் 9 லட்சம் பிட்தான் தேறும். ஒழுங்கே இல்லாத இரைச்சலைச் சுருக்குவது கடினம் என்பதால், இருக்கிற பிட்டில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். முகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

சரி, இத்தனை சேதாரத்திலும் தப்பிக்கும்படி செய்யப்பட்ட ஒன்று அதற்குள் இருக்கிறது: 35 பிட் நீளமுள்ள நீர்க்குறி, அதாவது படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்த அடையாளம். படம் ஓடும் நேரத்தில், ரகசியக் குறியீட்டால் பூட்டி அனுப்பிய கோப்பின் பூட்டு திறந்த பிறகு, புரொஜெக்டருடன் இணைந்த மீடியா பிளாக் என்ற கருவி அதைச் சேர்க்கிறது. அதனால் ஒரே படம் இரண்டு அரங்கில் ஓடினால் குறியும் இரண்டு. கணக்கு எளிது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நேரமுத்திரை என்றால், 366 நாளுக்கு 35,136 முத்திரைகள். அதற்கு 16 பிட் போதும். மீதி 19 பிட்டில் 5,24,288 கருவிகளுக்கு எண் கொடுக்கலாம். ஐந்து நிமிடப் படத்துக்குள் இந்த 35 பிட்டும் முழுதாக அடங்கிவிட வேண்டும் என்பது விதி.

கண்ணுக்குத் தெரியாத குறி, கேமராவுக்கு மட்டும் எப்படித் தப்பாமல் கிடைக்கிறது? இங்கேதான் கணிதத்தின் அழகு. ஒரு பிட்டைச் சொல்ல, படமெங்கும் சில இடங்களில் பிரகாசத்தை ஒரு படி கூட்டி, சில இடங்களில் ஒரு படி குறைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே கூடும், எங்கே குறையும் என்ற வரிசை ரகசியம். பதிவில் இரைச்சலோ 20 படி. ஒரு புள்ளியை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. ரகசிய வரிசை தெரிந்தவர், கூட்டிய இடத்தை +1ஆலும் குறைத்த இடத்தை −1ஆலும் பெருக்கி, 10,000 புள்ளிகளின் சராசரியை எடுக்கிறார். குறி எல்லா இடத்திலும் ஒரே திசைக்குத் திரும்பிவிடுவதால் சராசரியிலும் 1 ஆகவே நிற்கும். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, 10,000இன் வர்க்கமூலமான 100 மடங்கு குறைந்து 0.2 ஆகிவிடும். மூழ்கிக் கிடந்த குறி இப்போது இரைச்சலைவிட ஐந்து மடங்கு உயரம்! புள்ளிகளுக்கும் பஞ்சமில்லை, ஐந்து நிமிடத்தில் 7,200 சட்டகங்கள் ஓடுகின்றன. மூலப் படம் கையில் இருப்பதால், சாய்ந்து எடுத்த பதிவையும் கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாம்.

படத்தை மங்கலாக்கி அழித்துவிட முடியாதா? ஆய்வாளர் இங்மார் காக்ஸும் சகாக்களும் 1997இல் சொன்ன யோசனை இதற்கு நல்ல பதில்: யாரும் கவனிக்காத மூலையில் ஒளிக்காமல், படத்தின் உயிர்நாடியான பெரிய வடிவங்களுக்குள்ளேயே குறியைப் பரப்பிவிடு. பிறகு அதை அழிக்க முயல்பவர் படத்தையே சிதைக்க வேண்டியிருக்கும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் மெல்லிய சிக்னலை இரைச்சலுக்கு அடியிலிருந்து எடுப்பதும் இதே கணக்குதான். டார்பிடோவை வழிநடத்த நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் 1942இல் காப்புரிமை பெற்ற ரேடியோ முறையும் இதன் உறவுதான். சினிமாத் திருட்டைப் பிடிக்கும் நோக்கத்தில் யாரும் இந்தக் கணிதத்தைத் தொடங்கவில்லை. அடிப்படை ஆய்வுக்கு நிதி கேட்கும்போதெல்லாம் "இதனால் உடனே என்ன பயன்?" என்று விரட்டுவது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் குறி படம் எடுத்த அரங்கையும் நேரத்தையும்தான் காட்டிக்கொடுக்கும். இறக்கிப் பார்ப்பவருக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. படத்தின் பெயரில் தீநிரலை (கணினிக்குக் கேடு செய்யும் நிரலை) அனுப்புவது பழைய தந்திரம். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே காட்டுவதால், வீடியோ கோப்பைக் குறிக்கும் எம்பி4 என்று தெரிவதற்குப் பின்னால், நிரலைக் குறிக்கும் இஎக்ஸ்இ ஒளிந்திருக்கலாம். முழுப்படம் என்று சொல்லிச் சில எம்பிதான் இருந்தாலோ, ஓடுவதற்குப் புதிதாக ஒரு பிளேயர் நிறுவச் சொன்னாலோ, திறக்காமல் அழித்துவிடுங்கள்.