தேங்காயை விடாத தடுப்பணை

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும்; பிள்ளைகள் நீச்சல் பழகி ஒரு வருடமாகிறது, ஆனால் குளோரின் வாடை அடிக்காத தண்ணீரை இன்னும் பார்த்ததில்லை; எங்கே கூட்டிப் போகலாம்? கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தடுப்பணையில் வருஷம் தவறாமல் யாராவது போய்விடுகிறார்கள். ஆறு காவு கேட்கிறது என்கிறார் என் மாமனார். இதற்கு அறிவியலில் ஏதாவது பதில் உண்டா?"

முதல் கேள்விக்குச் சட்டென்று சொல்லிவிடலாம். மேற்கே போனால் கோவைக் குற்றாலம். வனத்துறை டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அருவியில் தலையைக் காட்டிவிட்டு வரலாம், நீந்த இடமில்லை. பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு, மலையேறினால் கவியருவி, இன்னும் மேலே வால்பாறைக்குப் பக்கத்தில் கூழாங்கல் ஆறு. வடக்கே பரளிக்காடு: பில்லூர் நீர்த்தேக்கத்தில் பரிசல், அப்புறம் அத்திக்கடவில் ஆற்றுக் குளியல். கோபிப் பக்கம் கொடிவேரி. எங்கே போனாலும் உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்க வேண்டாம். பவானி ஆற்றில் பில்லூர் அணையிலிருந்து தண்ணீர் விட்டால், வானம் வெளுத்திருக்கும்போதே மேட்டுப்பாளையத்தில் ஆறு ஏறும். பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கை கழுவுவதற்குள் தீவுவாசியாகிவிடுவார்.

சரி, இனி அந்த மாமனார் சொன்ன காவு. எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம் அதுதான். அதற்கு ஆற்றுக்குப் போவதற்கு முன்னால் சமையலறைக்குப் போக வேண்டும்.

சிங்க்கில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் நடுவில் விழும்படி குழாயை நிதானமாகத் திறந்துவிடுங்கள். நீர் விழுந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடித் தகடு மாதிரி மெல்லிய வட்டம் ஒன்று தெரியும். அந்த வட்டத்தின் விளிம்பில் நீர் திடீரென்று தடித்து, குட்டி வரப்பு போல எழும்பி நிற்கும். தினமும் பார்க்கிற வட்டம்தான், ஆனால் ஏன் அங்கே வரப்பு? இப்போது கத்தி முனையை வட்டத்துக்குள் வையுங்கள். முனைக்குப் பின்னால் மட்டும் ஆப்பு வடிவில் ஒரு கீறல் நீளும். முனைக்கு முன்னால் இருக்கிற நீருக்குக் கத்தி வந்த செய்தியே தெரியாது. கத்தியை வரப்புக்கு வெளியே நகர்த்துங்கள். இப்போது சிற்றலைகள் எதிர்த்திசையிலும் ஏறிப் போகும்.

ஆழமில்லாத நீரில் அலையின் வேகத்தை முடிவு செய்வது ஆழம்தான். ஒரு மீட்டர் ஆழத்தில் அலை வினாடிக்குச் சுமார் 3 மீட்டர் ஓடும். 10 சென்டிமீட்டரில் 1 மீட்டர்தான். ஒரு சென்டிமீட்டர் என்றால் வெறும் 30 சென்டிமீட்டர். நீரே அதைவிட வேகமாக ஓடினால், கீழே என்ன நடக்கிறது என்ற செய்தி மேலே போக வழியில்லை. நீரின் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்தால் வருவது ஃப்ரூட் எண். வில்லியம் ஃப்ரூட் என்ற 19ஆம் நூற்றாண்டுக் கப்பல் பொறியாளரின் பெயர் அது. எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் நீர் குருட்டு வேகத்தில் ஓடுகிறது, ஒன்றுக்குக் கீழே இருந்தால் பார்த்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குருட்டு ஓட்டத்திலிருந்து பார்த்து ஓடும் ஓட்டத்துக்கு நீரால் படிப்படியாக மாற முடியாது. முன்கூட்டியே தகவல் வந்தால்தானே வேகத்தைக் குறைக்க? அதனால் முட்டி மோதி, எழும்பி, தன் ஆற்றலைச் சுழல்களில் கொட்டிவிட்டு ஒரே தாவலில் மாறுகிறது. இதற்குத்தான் நீர்த்தாவல் என்று பெயர்.

லியனார்டோ டா வின்சி குறிப்பேட்டில் வரைந்து வைத்தது இது. 1914இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபு கணக்குப் போட்டதும் இதைத்தான். சிங்க் வட்டம் விஷயத்தில் மட்டும் ஈர்ப்பைவிடப் பரப்பு இழுவிசைக்கே பங்கு அதிகம் என்று 2018இல் கேம்பிரிட்ஜில் ஒரு குழு எழுதப்போக, அதை மறுத்து மற்றவர்கள் எழுத, சண்டை இன்னும் ஓயவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் இத்தனை பெரிய சண்டை எங்கள் வீட்டில்கூட நடந்ததில்லை. ஆற்றின் அளவுக்கு வந்துவிட்டால் ஈர்ப்புதான் எஜமான், அதில் சண்டை கிடையாது.

இப்போது தடுப்பணைக்கு வருவோம். மார்பளவு உயரம், ஒன்றேகால் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி விழும் நீர் அடிவாரத்தைத் தொடும்போது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இருக்கும். 20 சென்டிமீட்டர் தடிமனில் அது தளத்தின் மேல் பாய்கிறது. ஃப்ரூட் எண் மூன்றரை. கணக்குப் போட்டால், தாவலுக்குப் பின் நீர் எட்ட வேண்டிய உயரம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் என்று வரும். இடுப்பளவு. அடுத்து நடப்பதெல்லாம், அணைக்குக் கீழே ஆற்றில் ஏற்கெனவே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

கீழே முழங்காலளவுதான் இருக்கிறதா? தாவல் தள்ளிப்போய் நடக்கும். சுவருக்கு அடியில் நீர் தகடாக ஓடும், வழுக்கும், காலை வாரும், ஆனால் பிடித்து வைக்காது. சரியாக இடுப்பளவு என்றால் சுவரின் காலடியிலேயே தாவும். அணை கட்டுபவர்கள் ஆசைப்படுவது இதைத்தான். நீரின் வெறி தளத்தின் மேலேயே அடங்கிவிடும், ஆற்றுப்படுகையைத் தோண்டாது. இடுப்பைத் தாண்டி மார்பளவு, கழுத்தளவு என்று கீழே நீர் நின்றால்தான் விபரீதம். தாவுவதற்கு இடமில்லாமல் தாவல் மூழ்கிப்போகிறது. விழும் நீர் அடியில் புகுந்து தரையோடு தரையாக ஓடி, பத்துப் பதினைந்து அடி தள்ளிக் கொதிப்பது போல மேலே வருகிறது. வந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி ஆற்றோடு போகிறது. மறு பாதி மேற்பரப்பில் சுவரை நோக்கித் திரும்பி ஓடி வந்து, விழும் நீருக்கடியில் மறுபடி மூழ்குகிறது. கண்ணுக்குத் தெரியாமல் குறுக்கே படுத்திருக்கிற ஓர் உருளை, கரைக்குக் கரை, நிற்காமல் சுற்றுகிறது.

போன ஆடிப் பதினெட்டுக்கு மாமியார் ஊரில் இருந்தேன். அங்கேயும் ஒரு தடுப்பணை. முளைப்பாரி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ மஞ்சள் பூசிய முழுத் தேங்காய் ஒன்றை விட்டிருக்கிறார்கள். அது சுவரிலிருந்து எட்டடி தூரத்தில் மிதந்து, மெதுவாகச் சுவரை நோக்கி வந்தது. ஆறு கிழக்கே ஓடுகிறது, தேங்காய் மேற்கே போகிறது. விழும் நீரைத் தொட்டதும் படாரென்று உள்ளே போய்விட்டது. நாலைந்து விநாடி ஆளைக் காணோம். அப்புறம் எட்டடி தள்ளி எழும்பி, ஒரு உருட்டு உருண்டு, மறுபடி சுவரைப் பார்த்து வரத் தொடங்கியது. அடுத்த சுற்றிலும் அப்படியே. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகே 17 நிமிடம் சுற்றியது. பக்கத்தில் ஓர் அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டபடி, "ஆத்தா இன்னும் ஏத்துக்கலீங்க தம்பி" என்றார்.

தேங்காய்க்கு மூச்சு முட்டாது. ஆளுக்கு முட்டும். அதோடு, நுரைக்கும் நீரில் நம் உடம்பு மிதக்காது. நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து வைத்தால் நம் அடர்த்தி தண்ணீரைவிட ஒரு மயிரிழைதான் குறைவு. அந்த மயிரிழையில்தான் மிதக்கிறோம். அணையின் காலடியில் இருக்கிற வெள்ளை நீரில் பத்தில் ஒரு பங்கு காற்று கலந்திருந்தாலே அதன் அடர்த்தி நம்முடையதைவிடக் கீழே இறங்கிவிடும். நீச்சல் தெரிந்தவர் கையை வீசினால் பிடிமானமும் இல்லை, பாதி காற்றைத்தான் தள்ளுகிறார். குளத்தில் எட்டு முறை குறுக்கே நீந்தியவர் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

இயற்கையான பாறை அருவியிலும் சுழல் உண்டு. ஆனால் பாறை கோணல்மாணலானது. ஒரு பக்கம் உருளை சுற்றினால் இன்னொரு பக்கம் இடைவெளி இருக்கும், ஓரமாகத் தள்ளிவிடும். தடுப்பணையை நாம் ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, கரைக்குக் கரை ஒரே உயரத்தில் கட்டுகிறோம். அதனால் உருளையிலும் இடைவெளியே கிடையாது, இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். அழகாகக் கட்டியதாலேயே வந்த வினை.

என்னைப் பயமுறுத்துவது இன்னொன்று. மழைக்குப் பிறகு ஆறு ஏறும்போது, அணைக்கு மேலே இருக்கும் மட்டத்தைவிடக் கீழே இருக்கும் மட்டம் வேகமாக உயரும். ஆகவே அருவி குட்டையாகத் தெரியும். "போன வாரம் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, இப்போது அரை ஆள்கூட இல்லை, சும்மா இறங்குடா" என்று தோன்றும் நாள்தான் தாவல் மூழ்கியிருக்கிற நாள். சத்தமும் குறைந்திருக்கும். 1975இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில், சஸ்குவஹானா ஆற்றின் இப்படியொரு குட்டை அணையில், மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். எஞ்சின் வைத்த படகையே உருளை சுவருக்கு இழுத்துக்கொண்டது. அங்கே மீட்புப் பணிக்காரர்கள் இவ்வகை அணைகளுக்கு 'மூழ்கடிக்கும் இயந்திரம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மூரிலும் ஒருவரைக் காப்பாற்றக் குதித்த அண்ணன், அப்பா, நண்பன் என்று அடுத்தடுத்துப் போவதைச் செய்தியில் படிக்கிறோமே, காரணம் இதுதான்.

ஆக, வாசகரின் மாமனார் கண்டது பொய்யில்லை. அதே இடம், அதே மாசம், திரும்பத் திரும்ப ஆள் போகிறது என்பதைக் கவனித்துச் சொன்னவர்கள் ஆற்றங்கரைக்காரர்கள்தான். கவனிப்பு சரி, விளக்கம்தான் தப்பு. தப்பான விளக்கத்தோடு என் சண்டை பகுத்தறிவுக் கணக்குக்காக அல்ல. காவு என்று சொல்லிவிட்டால் கிடா வெட்டுவதோடு வேலை முடிந்துபோகிறது. உருளை என்று சொன்னால், அதை உடைக்க முடியுமா என்ற அடுத்த கேள்வி வரும். முடியும். சுவரின் காலடியில் பெரிய கற்களைச் சரிவாகக் கொட்டிவிட்டால் விழும் நீர் அடியில் புக வழியில்லாமல் படிப்படியாகச் சிதறி இறங்கும். அமெரிக்காவில் சில பழைய குட்டை அணைகளை இப்படித்தான் செயற்கைப் பாறையோடைகளாக மாற்றியிருக்கிறார்கள். மீனும் ஏறிப் போகிறது. நமக்கு இது புதுசும் இல்லை. கல்லணையின் பழைய உடம்பு செங்குத்துச் சுவரல்ல. செதுக்காத கற்களை அடுக்கிய, வளைந்து நெளிந்து போகிற சரிவு. நூல் பிடிக்காமல் கட்டியவர்களுக்கு ஃப்ரூட் எண் தெரியாது, நீரைத் தெரிந்திருக்கிறது.

திருவள்ளூர்ப் பக்கத்துப் பூண்டியில் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அணைகளின் மாதிரியைச் சிறிதாகக் கட்டி, தண்ணீர் ஓடவிட்டுப் பார்க்கிற இடம். ஒவ்வொரு புதுத் தடுப்பணை வரைபடத்துக்கும் எவ்வளவு நீர் தேங்கும், எத்தனை ஏக்கர் பாயும் என்று கேட்கிறோம். "கீழே ஓர் ஆள் விழுந்தால் வெளியே வருவானா?" என்பதையும் அதே மாதிரித் தொட்டியில் ஒரு ரப்பர் பந்தைப் போட்டுப் பார்த்துவிடலாம். பந்தின் விலை பத்து ரூபாய். ஆராய்ச்சிக்குக் காசில்லை என்ற பாட்டை இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதுவரைக்கும் நீங்களே பந்து போடலாம். தடுப்பணைக்குக் கீழே இறங்குமுன் ஒரு காய்ந்த குச்சியைச் சுவரிலிருந்து சில அடி தள்ளி எறிந்து பாருங்கள். ஆற்றோடு போனாலும் உடனே நம்பிவிட வேண்டாம், நாலைந்து இடத்தில் எறியுங்கள். ஒரே ஒரு குச்சி சுவரை நோக்கித் திரும்பினாலும் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலும் செருப்பும் ஒரே இடத்தில் உருண்டுகொண்டிருந்தால் குச்சிகூட வேண்டாம். கொடிவேரியில் நீர் பாறை மேல் விழுந்து சிதறி ஓடுவதால் வரத்துக் குறைந்த நாளில் தலையைக் கொடுக்கலாம். வரத்துக் கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், தடையை மதியுங்கள். யாராவது உருளையில் மாட்டிவிட்டால் கயிற்றையோ சேலையையோ கரையிலிருந்து வீசுங்கள், பின்னால் குதிக்காதீர்கள். மாட்டியவருக்கு இருக்கிற ஒரே கதவு அடியில்தான்: மேற்பரப்பு உள்ளே இழுக்கிறது, தரையை ஒட்டிய நீர் மட்டும் வெளியே போகிறது. உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனால் சில நேரம் அது தூக்கி வெளியே போட்டுவிடும். சில நேரம்தான்.

அந்தத் தேங்காய் அப்படித்தான் தப்பித்தது. பையன்கள் நாலு பேர் அதன்மேல் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள், ஒன்றும் படவில்லை. மேலேயிருந்து ஒரு வாழைத்தண்டு மிதந்து வந்து சுவரைத் தாண்டி நேராகத் தேங்காயின் தலையில் விழுந்தது. இரண்டும் உள்ளே போயின. வாழைத்தண்டு மட்டும் வழக்கமான இடத்தில் எழும்பிச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. தேங்காயை நாங்கள் எட்டடியில் தேடிக்கொண்டிருக்க, அது முப்பதடிக்கு அப்பால், பரிசல்காரருக்குப் பக்கத்தில் மஞ்சளெல்லாம் கழுவிப்போய்த் தலையை நீட்டியது.

"ஏத்துக்கிட்டா" என்றார் அந்த அம்மாள். பரிசல்காரர் கையை நீட்டி அதை எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, காலடியில் போட்டுக்கொண்டார்.