பிரீமா டோனா: பட்டமாகப் பிறந்து வசையான சொல்

இத்தாலிய மொழியில் ‘பிரீமா’ என்றால் முதல். ‘டொன்னா’ என்றால் பெண். தமிழில் ‘பிரீமா டோனா’ என்று எழுதிப் பழகிவிட்டோம் என்றாலும், இத்தாலியர் னகரத்தை இரட்டித்தே ஒலிப்பர். டொன்னாவின் மூலம் ‘டோமினா’ என்னும் இலத்தீன் சொல்; அது வீட்டைக் குறிக்கும் ‘டோமுஸ்’ என்பதோடு உறவுடையது, வீட்டை ஆள்பவள் என்று பொருள்படுவது. ‘இல்’ என்பதிலிருந்து ‘இல்லாள்’ என்ற சொல்லைப் படைத்துக்கொண்ட நமக்கு இந்த உறவு புதிதன்று. ஆனால் பிரீமா டோனா வீட்டுக்கு உரிய சொல் அன்று. ஓப்பரா என்னும் மேலை இசைநாடகத்தின் மேடைக்கு உரியது.

வெனிஸ் நகரில் 1637-இல் காசு கொடுத்து எவரும் நுழையக்கூடிய முதல் ஓப்பரா அரங்கு திறக்கப்பட்டபின், பாடகர்களின் பெயரே கூட்டத்தை இழுக்கும் சரக்காயிற்று. அதையடுத்த காலத்தில் ஓப்பராக் குழுக்களில் படிநிலை உறுதிப்பட்டது. முதல் பெண் பாடகி பிரீமா டோனா. அடுத்த நிலையில் இருப்பவர் செகோண்டா டோனா. ஆண்களில் முதல்வர் பிரீமோ உவோமோ. எவருக்கு எத்தனை தனிப்பாடல், அவை நாடகத்தின் எந்த இடத்தில் வரவேண்டும் என்பதெல்லாம் இந்த வரிசையைப் பொறுத்தே அமைந்தன. ஆகவே பாடகி தன் பாடல்களை எண்ணிப் பார்த்துச் சண்டையிட்டாரெனில், அது வெறும் செருக்கு அன்று, தொழில் உரிமை.

இந்த உரிமைப் போட்டியை ஊரார் வேடிக்கையாக்கிய கதைகளுள் பெரிது 1727-இல் லண்டனில் நடந்தது. பிரான்செஸ்கா குட்சோனி, பௌஸ்தினா போர்தோனி என்னும் இரு பாடகியரின் ஆதரவாளர்கள் அரச குடும்பத்தார் முன்னிலையிலேயே கூச்சலிட்டு நாடகத்தைக் குலைத்தனர். கலகம் செய்தவர்கள் அரங்கில் இருந்தவர்களே. எனினும் அடுத்து வந்த நையாண்டி வெளியீடுகள் பாடகியர் இருவரும் மயிரைப் பிடித்து அடித்துக்கொண்டதாகவே எழுதின. பிரீமா டோனா என்றால் அடங்காதவர் என்னும் பொருள் இப்படித்தான், பிறர் செய்த கூத்துக்கும் சேர்த்து, அச்சொல்லின்மேல் படிந்தது.

20-ஆம் நூற்றாண்டில் பட்டம், வசை என்னும் இந்த இரு பொருளையும் ஒருங்கே சுமந்தவர் ஓப்பராப் பாடகி மரியா காலாஸ். 1923-இல் நியூயார்க்கில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, ஏதென்சில் எல்விரா தெ இதால்கோவிடம் குரற்பயிற்சி பெற்றார். 1949-இல் வெனிசில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் கனத்த பாத்திரமான புருன்ஹில்டெயைப் பாடிக்கொண்டிருந்தபோது, வேறொரு பாடகி நோயுற்றதால், ‘இ பூரித்தானி’ நாடகத்தின் எல்விரா பாத்திரத்தைச் சில நாள்களில் கற்று மேடையேறினார். உரத்து எழவேண்டிய குரலும் நுண்ணிய கமகம் போல் உருள வேண்டிய குரலும் ஒரே தொண்டையிலிருந்து ஒரே மாதத்தில் வந்தது இசையுலகை வியக்க வைத்தது.

1958 ஜனவரி 2 அன்று ரோமில், இத்தாலியக் குடியரசுத் தலைவர் பார்வையாளராக அமர்ந்திருக்க, குரல் கெட்ட நிலையில் ‘நோர்மா’வைத் தொடங்கிய அவர் முதல் அங்கத்தோடு நிறுத்திக்கொண்டார். மாற்றுப் பாடகி ஆயத்தமாக இல்லை, நாடகம் நின்றது, பத்திரிகைகள் ‘பிரீமா டோனாவின் திமிர்’ என்ற தோரணையில் எழுதின. அவர் தொடுத்த வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தபோது, 1965-இல் லண்டனில் பாடிய ‘தோஸ்கா’வோடு அவருடைய ஓப்பரா வாழ்வே முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 1977-இல் பாரிசில் இறந்தார்.

காலாஸுக்கு வழங்கிய மற்றொரு பெயரான ‘டீவா’வையும் இதனோடு குழப்பக் கூடாது. அது தேவியைக் குறிக்கும் இலத்தீன் சொல். வடமொழித் ‘தேவி’க்கு இனமானது. டீவா ரசிகர் சூட்டும் புகழ்மொழி. பிரீமா டோனா குழு வழங்கும் பதவி.

இனித் தமிழ். ‘முதற்பெண்மணி’ என்னும் நேர்பெயர்ப்பு பயன்படாது. அது நாட்டுத் தலைவரின் மனைவிக்கு உரியதாகிவிட்டது. சிலப்பதிகாரத்தில் மாதவி அரசனிடம் பெறும் ‘தலைக்கோல்’ பட்டமும், சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘தலைக்கோலி’யும் பெருமையில் நிகரானவை, எனினும் அவை ஆடலுக்கு உரியவை. பழைய நாடகக் கம்பெனிகளில் முதன்மைப் பெண் வேடத்துக்கு வழங்கிய ‘அயன் ஸ்திரீபார்ட்’ என்பதே செயலளவில் மிக நெருங்கியது, ஏனெனில் அதுவும் குழுவின் படிநிலைப் பெயர்தான். ஆனால் அந்த வேடத்தைப் பெரும்பாலும் ஆண்களும் சிறுவர்களுமே கட்டினர். அத்துடன் அச்சொல்லில் தமிழும் அருகியே உள்ளது.

ஓப்பரா பற்றி எழுதுகையில் ‘தலைமைப் பாடகி’ என்பதே தெளிவானது. சங்கப் பாடல்களில் பெண் பாடகியைக் குறிக்கும் ‘பாடினி’யை எடுத்து ‘தலைப்பாடினி’ என ஆக்கிக்கொள்வதும் எனக்கு உவப்பானதே. வழக்குக்கு வரச் சற்று நாளாகும். வசைப்பொருளுக்கு இவை இரண்டையும் இழுக்க வேண்டியதில்லை. ‘காலாஸ் மிலான் நகர ஓப்பரா அரங்கான லா ஸ்காலாவின் தலைமைப் பாடகி’ என்றும், ‘அந்த ஆட்டக்காரர் தலைக்கனம் பிடித்தவர்’ என்றும் எழுதலாம். ஆங்கிலம் இரண்டிடத்திலும் பிரீமா டோனா என்றே சொல்லிவிட்டுப் போகட்டும்.