வீட்டிலேயே பழகட்டும் என்று ஊற்றிக் கொடுத்தால்

"வெளியே போய்க் கண்டவங்களோட குடிக்கிறதுக்கு, என் கண் முன்னாடியே ஒரு வாய் குடிக்கட்டும்னு நான்தான் டாக்டர் ஊத்திக் கொடுத்தேன்."

இதைச் சொன்ன அப்பா படித்தவர், மகன் மேல் உயிரையே வைத்திருப்பவர். மகனுக்கு 16 வயது. முந்தைய வாரம் நண்பன் வீட்டில் குடித்துவிட்டுப் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தவனை அவசரச் சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பாவுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்றுதான். வீட்டில் அளவோடு கொடுத்துப் பழக்கியும் வெளியே எப்படி அளவு மீறினான்?

வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் மனநல மருத்துவரான என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. ஒளித்து வைத்தால் ஆசை கூடும், காட்டிவிட்டால் ஆசை அடங்கும் என்ற கணக்கு கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடி விஷயத்தில் அது பலிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை 12, 13 வயதிலிருந்து 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பெற்றோர் கையால் மது கிடைத்த பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் வெளியாரிடமிருந்தும் மது பெறும் வாய்ப்பு அடுத்த ஆண்டில் கூடத்தான் செய்தது. அப்பா கொடுத்தது ஒரு வாய்தான். பிள்ளை எடுத்துக்கொண்டதோ அனுமதி.

இன்னொரு காரணம் உடம்பிலேயே இருக்கிறது. பெரியவர் ஒருவர் குடிக்கும்போது கண் சொருகும், கால் தள்ளாடும், போதும் என்று தோன்றும். உடம்பு போடும் பிரேக் அது. வளரிளம் பருவத்தில் இந்த பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் விலங்குகளில் நடந்த சோதனைகள்தான் இதைக் காட்டியிருக்கின்றன. குடித்த பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. அவ்வளவு குடித்த பிறகும் பையன் நிமிர்ந்து நின்று பேசுவான், "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பான். நண்பர்களிடம் "செம கெப்பாசிட்டி" என்று பெயர் வாங்குவான். அதேசமயம், நினைவைப் பதிந்துவைக்கும் மூளைப்பகுதி இந்த வயதில் மதுவால் கூடுதலாக அடிபடுகிறது. மறுநாள் காலை, முந்தைய இரவில் பாதி அவனிடம் இருக்காது. முன்பின் யோசித்துத் தன்னை நிறுத்திக்கொள்ள உதவும் முன்மூளையோ முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும். அளவோடு குடிக்கச் சொல்லித் தருகிறோம் என்கிறோம். அளவு பார்க்கும் கருவியே அவனிடம் இன்னும் தயாராகவில்லை.

அமெரிக்காவில் 1997இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் இது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்கியதுதான் ஒரே காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பரம்பரை, வீட்டுச் சூழல், ஏற்கெனவே இருக்கும் மனச்சோர்வு எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளையைச் சீக்கிரமே பாட்டில் பக்கம் தள்ளுகின்றன. ஆனால் அந்த முதல் கிளாஸைச் சில வருடம் தள்ளிப்போடுவது பெற்றோரால் முடிகிற காரியம். மற்றவை அவ்வளவு எளிதில் நம் கைக்கு வருவதில்லை.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் ஐஸ்லாந்தைச் சொல்வேன். அங்கே 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், கடந்த ஒரு மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். சட்டம், விளையாட்டுக்குச் செலவிட்ட பணம் எல்லாம் அதற்குக் காரணம். கூடவே பெற்றோர்களும் ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொண்டார்கள்: இரவில் பிள்ளைகளை வெளியே சுற்ற விடுவதில்லை, யார் வீட்டிலும் பிள்ளைகளுக்கு மது கிடையாது, வாரத்தில் ஓரிரு மணி நேரம் என்று ஒதுக்காமல் நிறைய நேரம் அவர்களோடு இருப்பது. "எல்லா வீட்டுலயும் விடுறாங்க, நீங்க மட்டும்தான்…" என்ற பிள்ளைகளின் பிரம்மாஸ்திரம் அதோடு செல்லாமல் போனது.

சரி, அந்தப் பையன் கதைக்கு வருவோம். அவன் நினைவிழந்து சரிந்ததும் நண்பன் வீட்டார் கட்டிலில் படுக்கவைத்து, "தூங்கட்டும், தெளிஞ்சிடும்" என்று விளக்கை அணைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். குடிப்பதை நிறுத்திய பிறகும், வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது இருந்ததைவிட அரை மணி கழித்து நிலைமை மோசமாகலாம். கல்லீரல் தன் வேகத்தில்தான் மதுவைக் கரைக்கும். காபி கொடுத்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. உலுக்கியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8க்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 நொடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம் பாய்வது, தோல் சில்லிட்டுப் போவது, விழிக்காமலே வாந்தி எடுப்பது – இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். அன்று தண்ணீர் குடிக்க எழுந்த ஒரு பாட்டி எட்டிப் பார்த்ததால் அவன் இன்று இருக்கிறான்.

ஏன் அப்பாவைக் கூப்பிடவில்லை என்று அவனிடம் தனியாகக் கேட்டேன். "மூணாவது கிளாஸ்லயே பயமா இருந்துச்சு. கூப்பிட்டா அப்பா கொன்னுடுவாருன்னு கூப்பிடல." ஊற்றிக் கொடுத்த அதே அப்பா!

பெற்றோர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது அறிகுறிப் பட்டியல். கண் சிவப்பு, வாயில் சூயிங்கம், திடீரென்று மாறிய நண்பர் வட்டம், காணாமல் போகும் பணம் எல்லாம் உங்களுக்கே தெரிந்ததுதான். பட்டியலைவிட உதவுவது ஓர் ஒப்பந்தம். பிள்ளை குடிக்கக் கூடாது, அதில் பேரமே கிடையாது. ஆனால் எங்கேயாவது சிக்கிக்கொண்டால், குடித்திருந்தாலும் சரி, குடித்தவன் வண்டியில் ஏற வேண்டிய நிலை வந்தாலும் சரி, எந்த நேரமும் வீட்டைக் கூப்பிடலாம். பெற்றோர் வந்து கூட்டிப்போக வேண்டும். அன்றிரவு கேள்வி கிடையாது, கை ஓங்கக் கூடாது. போதையில் இருப்பவனிடம் விசாரணை நடத்தி ஒரு பயனும் இல்லை. பேச்சு, கண்டிப்பு, தண்டனை எல்லாம் மறுநாள், இருவருக்கும் தலை தெளிந்த பிறகு. வயதைச் சாக்காகச் சொல்லி இதைத் தள்ளிப்போடாதீர்கள், 11, 12 வயதிலேயே பேசி வைத்துவிடலாம்.

அப்பாவையும் மகனையும் எதிரெதிரே உட்கார வைத்து இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். "எந்த நேரத்தில் அழைத்தாலும் அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வருவார்" என்ற வரி வந்ததும் பையன் மெதுவாகச் சொன்னான்:

"சனிக்கிழமை ராத்திரி அப்பாவால வண்டி ஓட்ட முடியாது டாக்டர்."

அவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சனிக்கிழமையையும் சேர்த்தே எழுதுங்க" என்றார்.