உடைமரத்தடியில் கிடப்பது சாலாமிசிரி அல்ல

மழை ஓய்ந்த ஒரு காலையில், ராமேசுவரத்துக்கு முந்தைய மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மஞ்சப்பையோடு என் சித்த மருத்துவ நிலையத்துக்கு வந்தார். "அய்யா, கடையில அம்புட்டு வெல சொல்ற சாலாமிசிரி நம்ம உடைமரத்தடியிலயே கெடக்கு. பொடி பண்ணிக் குடுங்க" என்றார். சாலாமிசிரி என்பது ஆண்மைக்கென்று மருந்துக் கடையில் விற்கும் ஒரு கிழங்கு. ஏதோ வீடியோவில் பார்த்தாராம். ஆண்மை மருந்து என்றால் வீடியோவுக்கா பஞ்சம்!

பையில் நான்கு கிழங்குகள். மூன்று ஒரே சாதி: விரல் நீளம், பச்சை நிறம், கணுக்கணுவாக வளையம், மேலே காய்ந்த நார். நான்காவதை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். கத்தியால் குறுக்கே அரிந்து காட்டினேன். முதல் வகை உள்ளே கெட்டியாக, கொழகொழப்பாக இருந்தது. தனியே வைத்தது அடுக்கடுக்காகப் பிரிந்தது. நரிவெங்காயம்! சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சை முறிக்காமல் தின்றால் வாந்தியோடு நிற்காது, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இரண்டும் ஒரே மணலில் வளர்வதால் வந்த வினை.

மற்ற மூன்றும் தரை ஆர்க்கிட். யூலோபியா எபிடெண்ட்ரேயா என்று பெயர். 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதிய விவரிப்பு 1791-ல் அச்சேறியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. பூக்காதபோது ஏதோ புல் என்றுதான் தோன்றும். கிழங்கு போன்ற அந்தக் குமிழ் பாதி மணலுக்கு வெளியே துருத்தியிருக்கும். பக்கத்திலிருந்து நெடிய தண்டு எழும்பி, மஞ்சள் கலந்த பச்சையில் பூக்கும். நடு இதழில் மட்டும் வெள்ளை, அதில் ஊதா நரம்புகள். கடைச்சரக்கான சாலாமிசிரியோ இமயமலை, ஈரான் பக்கத்துக் குளிர்நாட்டு ஆர்க்கிட் கிழங்கு.

தோண்டினால் மறுபடி முளைக்காதா என்று கேட்டார். ஒரு காயில் தூசி போல ஆயிரக்கணக்கில் விதை இருக்கும். ஆனால் விதைக்குள் உணவு கிடையாது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை சேர்ந்தால்தான் முளைக்கும். ஆடு வாய்வைக்காமல் உடைமரத்து முள்தான் இதை இதுவரை காத்தது. சீமைக்கருவேலத்தை அழிப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஜேசிபி அள்ளும்போது உடைமரத்தையும் அதன் அடியில் இருப்பதையும் சேர்த்தல்லவா அள்ளுகிறது? நான் பார்த்துவைத்திருந்த ஒரு கொத்து அப்படித்தான் போயிற்று.

அரியாத இரண்டு குமிழ்களை அன்று சாயங்காலமே, எடுத்த இடத்தில் அவரே ஊன்றினார். தூரத்தில் நின்று யோசனை சொல்லியிருக்கலாம். குனிந்து காட்டப்போய் என் சட்டை முள்ளில் கிழிந்தது.