ஜன்னலோர வெயிலில் இல்லாத வைட்டமின்

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், ஆறு ஆண்டுகளாகக் கனடாவில் இருக்கிறார். இடுப்பிலும் தொடையிலும் வலி என்று போனவரிடம், வைட்டமின் டி மிகவும் குறைந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னாராம். "யன்னலோரம் தினமும் ஒரு மணித்தியாலம் வெயில் காய்கிறேன், பிறகு எப்படிக் குறையும்? சென்னையில் இருக்கும் தங்கச்சி 60,000 யூனிட் பொட்டலங்கள் அனுப்பியிருக்கிறாள். தினம் ஒன்று சாப்பிடலாமா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. காரணம் தெரிய வேண்டுமானால் தோலுக்குள் கொஞ்ச தூரம் போய் வர வேண்டும்.

முதலில் ஜன்னல். வைட்டமின் டி உருவாகத் தேவைப்படுவது புற ஊதா பி என்ற கதிர். அலைநீளம் 290 முதல் 315 நானோமீட்டர் வரை. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், கதகதப்பை விடும், இந்தக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். சரி, வெளியே போய் நின்றால்? டிசம்பர் 21 அன்று நண்பகலில் டொராண்டோ வானில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் 57 டிகிரி. சாய்ந்து வரும் கதிர் ஓசோன் படலத்துக்குள் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியிருப்பதால் புற ஊதா பி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. விஞ்ஞானிகள் ஆன் வெப், மைக்கேல் ஹோலிக் ஆகியோரின் குழு இதை 1988இல் நேரடியாகச் சோதித்துக் காட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வெயிலில் வைத்த தோலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒன்றும் உருவாகவில்லை. இன்னும் வடக்கே, கனடாவின் எட்மன்டனில், அக்டோபரிலேயே நின்றுபோய் மார்ச் வரை அப்படியே இருந்தது. டொராண்டோ பாஸ்டனுக்குச் சற்றுத்தான் வடக்கே.

ஒரு டிசம்பரில் லண்டனில் இருந்தபோது, பளிச்சென்று வெயில் அடித்த ஒரு நண்பகலில் நடைபாதையில் என் நிழலை அடியால் அளந்து பார்த்தேன். என்னைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் நீண்டிருந்தது. நிழல் நம் உயரத்தைவிட நீளமாக இருக்கும் நேரத்தில் வைட்டமின் டி உருவாவது மிகக் குறைவு என்பது நல்ல கைக்கணக்கு. நம் ஊரில் "காலை ஆறு மணி வெயிலில்தான் சத்து" என்கிறார்களே, அந்தக் கணக்கும் இதில் அடிபட்டுப்போகிறது. இளவெயில் இதமானது, ஆனால் அந்த நேரத்து நிழலைப் பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். மேல்தோல் செல்களின் சவ்வில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள் செருகிக் கிடக்கிறது. உடல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் வழியில் கடைசிப் படிக்கு முந்தைய பொருள் அது. நான்கு வளையங்கள் ஒட்டிய, வளைந்து கொடுக்காத உருவம். புற ஊதா பி கதிரை அது உள்வாங்கியதும் இரண்டாவது வளையத்தில் ஒன்பதாம் கார்பனுக்கும் பத்தாம் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு அறுகிறது. வளையம் திறந்துகொள்கிறது. இப்போது அதன் பெயர் முன்வைட்டமின் டி3. இதற்கு நொதி எதுவும் தேவையில்லை, வெளிச்சமே போதும்.

சூரியனின் வேலை இத்துடன் முடிந்தது, மிச்சத்தை உடல் சூடு பார்த்துக்கொள்கிறது. திறந்த மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜன் அணு ஒரு கார்பனை விட்டு இன்னொரு கார்பனுக்கு இடம் மாற வேண்டும். அதற்கு மூலக்கூறு மடங்கி இருந்தால்தான் எட்டும். ஒரு கரைப்பானில் விட்டால் அது நிமிர்ந்து நீண்டுகொள்ளும், எட்டாது. தோலில் அப்படி நிமிர இடமில்லை. சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகள் இரு பக்கமும் நெருக்கி, மடங்கிய நிலையிலேயே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே உடல் சூட்டில் இரண்டரை மணி நேரத்தில் பாதி வைட்டமின் டி3 ஆகிவிடுகிறது. கரைப்பானில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகம். மாறி முடிந்ததும் உருவம் வேறாகிவிடுவதால் சவ்வில் பொருந்தாமல் வெளியே நழுவுகிறது. இரத்தத்தில் அதற்கென்றே இருக்கும் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நாள் முழுதும் வயலில் நிற்பவருக்கு வைட்டமின் டி அளவு மீறி நஞ்சாகாதா? ஆவதே இல்லை. முன்வைட்டமினும் அதே கதிரை உள்வாங்கக்கூடியது. தோலில் இருக்கும் மூலப்பொருளில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்வைட்டமின் ஆனதும், தொடர்ந்து விழும் வெயில் அதை லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்ற வேறு இரு பொருள்களாகத் திருப்பிவிடுகிறது. உடலில் கால்சியம் சேர உதவும் வைட்டமின் டியின் வேலையை இவை இரண்டும் செய்வதில்லை. முன்வைட்டமின் குறையும்போது லூமிஸ்டெரால் வெளிச்சத்தில் மறுபடியும் முன்வைட்டமினாகத் திரும்பும். நேரத்தோடு இரத்தத்துக்குள் போகாமல் தோலிலேயே தங்கிவிட்ட வைட்டமின் டியையும் வெயில் சிதைத்துவிடும். தயாரிக்கும் கதிரே தடுப்புக் கட்டையாகவும் இருக்கிறது. ஹோலிக் குழு 1981இல் இதை வெளியிட்டது.

அதன்பின் கல்லீரல் ஒரு மாற்றம், சிறுநீரகம் ஒரு மாற்றம் செய்து ஹார்மோனாக ஆக்குகின்றன. குடலில் கால்சியத்தை ஈர்ப்பது அதுதான். கருமையான தோலின் மெலனின் புற ஊதா பியில் பெரும்பங்கை உறிஞ்சுவதால் நமக்கு அதே அளவு உருவாக அதிக நேரம் வேண்டும். ஈழத்து வெயிலுக்குப் பொருத்தமான தோல், கனடாவின் குளிர்காலத்தில், கம்பளி அங்கிக்குள். வாசகிக்குக் குறைந்ததில் வியப்பில்லை.

இதே எலும்பு வலிக்கு என் உறவுக்காரப் பெண் ஒருவர் சோதிடரிடம் போனார். ஜாதகத்தில் சூரியன் நீசம் என்று சொல்லி மாணிக்கக் கல் மோதிரம் போடச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் மோதிரத்தோடு வலியைத் தாங்கினார். பிறகு ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை விஷயத்தைச் சொல்லிற்று. எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

மாத்திரைக்கு வருவோம். வாயால் விழுங்கும் வைட்டமினுக்குத் தோலின் அந்தத் தடுப்புக் கட்டை கிடையாது. கொடுத்ததெல்லாம் உள்ளே போகும், கொழுப்பில் சேர்ந்துகொள்ளும். கனடாவில் 70 வயது வரையுள்ள பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை என்று வகுத்திருப்பது 600 யூனிட், அதாவது 15 மைக்ரோகிராம். தாண்டக் கூடாத எல்லை 4,000 யூனிட். தங்கை அனுப்பிய ஒரு பொட்டலம் நூறு நாள் தேவை. நம் மருத்துவர்கள் அதை வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும், குறைபாடு உள்ளவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். தினம் ஒன்று எனத் தொடர்ந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் தீராத தாகமும் வந்து, சிறுநீரகம் பழுதாகும்.

குறைபாடு இல்லாதவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டால் இன்னும் ஆரோக்கியமாக இருக்கலாமா? அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து ஐந்தாண்டுக்கும் மேல் நடந்த வைட்டல் ஆய்வில் பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட் கொடுத்தார்கள். புற்றுநோய் வருவதும் மாரடைப்பும் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. மலிவான மாத்திரையைச் சோதிக்க எந்த மருந்து நிறுவனமும் இவ்வளவு செலவழிக்காது. இது பெரும்பாலும் அரசுப் பணம். நம் நாட்டிலும் இப்படிப்பட்ட நீண்ட, பொறுமையான ஆய்வுகளுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாரி ஸ்டீன்பாக் என்பவர் 1920களில், புற ஊதாக் கதிர் பட்ட உணவு, குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்கும் என்று கண்டறிந்து காப்புரிமை பெற்றார். அந்த வருமானம் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் போகும்படி ஓர் அறக்கட்டளைக்கு வழி செய்தார். வைட்டமின் டி ஆராய்ச்சியும் அந்தப் பணத்தால் வளர்ந்தது.

ஆக, அம்மா, பொட்டலங்களைத் தனியே எடுத்து வையுங்கள். உங்கள் மருத்துவர் எழுதிய அளவை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நன்றாக உடலில் சேரும். அங்கே கடையில் விற்கும் பாலில் வைட்டமின் டி சேர்த்தே இருக்கிறது, அதையும் குடியுங்கள். மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒரு வெயில் நாளில், கடிகாரம் ஒன்று இருபத்தைந்து காட்டும்போது வாசலுக்கு வந்து நில்லுங்கள். டொராண்டோவில் அப்போதுதான் உண்மையான நண்பகல். உங்கள் நிழல் உங்கள் உயரத்துக்குச் சமமாக விழும். அதன்பின் நாளுக்கு நாள் அது உங்களைவிடக் குட்டையாகும். குளிர் விட்டதும் முழங்கைவரை கையை மடித்துவிட்டுக்கொண்டு நடக்கலாம்.