நாக்கு நுனியில் நின்றுவிடும் பெயர்

தலையில் நீலத் துணி, காதில் ஒற்றை முத்து, தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கும் ஒரு பெண். 17-ஆம் நூற்றாண்டு ஓவியம். படம் கண்முன் வந்திருக்கும். வரைந்தவர் யார்? அப்புறம் இன்னொன்று: மங்கோலியாவின் தலைநகரம் எது?

சட்டென்று விடை சொன்னவர்கள் இருப்பீர்கள். சுத்தமாகத் தெரியாதவர்களும் இருப்பீர்கள். என்னை ஈர்ப்பது இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள்தான். தெரியும், நன்றாகத் தெரியும், ஆனால் வாயில் வர மாட்டேன் என்கிறது. டச்சுக்காரர், ரெம்பிராண்ட் இல்லை, சின்னப் பெயர், 'வெ' என்று தொடங்கும்... இவ்வளவும் வருகிறது, பெயர் வரவில்லை. பெயரே நினைவில்லை என்றால் அது எந்த எழுத்தில் தொடங்கும் என்பது மட்டும் எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்வியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள். 1966-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், அதிகம் புழங்காத சொற்களின் பொருளை மட்டும் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டிச் சொல்லைக் கேட்டார்கள். கடலில் சூரியன், விண்மீன்களின் உயரக் கோணத்தை அளக்கும் கருவி எது? விடை செக்ஸ்டன்ட். 'நாக்கு நுனியில் இருக்கிறது' என்று தவித்தவர்களிடம், மனத்தில் ஓடும் மற்ற சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சிலர் திசைகாட்டி, கோணமானி என்றார்கள். பொருளில் பக்கத்து வீட்டுச் சொற்கள். வேறு சிலர் சொன்ன செக்ஸ்டெட், சீகன்ட் போன்ற சொற்களுக்குக் கடலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓசை மட்டும்தான் பொருந்தியது. முதல் எழுத்தைப் பாதிக்கு மேற்பட்ட தடவை சரியாகச் சொன்னார்கள். அசை எண்ணிக்கையையும் பெரும்பாலும் சரியாகவே ஊகித்தார்கள்.

இதிலிருந்து கிடைப்பது என்ன? ஒரு சொல் மூளையில் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கப்படவில்லை. பொருள் ஓரிடம், ஓசை ஓரிடம் என்று பிரிந்து கிடக்கிறது. பேசும்போது முதலில் பொருள் விழிக்கிறது. அது சொல்லைத் தொடுகிறது. அந்தச் சொல் தன் ஒலிகளை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். வழக்கமாக இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் இரண்டு கட்டம் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. பொருள் விழித்து, ஒலிக்குப் போகும் பாலம் பாதியில் நின்றால்தான் தெரிகிறது.

இதற்கு மிக அழகான சான்று இத்தாலிய மொழியில் கிடைத்தது. அந்த மொழியில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. நாற்காலி பெண்பால், கட்டில் ஆண்பால். பொருளை வைத்து இதை ஊகிக்க வழியே இல்லை. சொல்லோடு சேர்த்துத்தான் கற்க வேண்டும். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், சொல் வராமல் தவித்த இத்தாலியர்களிடம் அதன் பாலைக் கேட்டார்கள். குருட்டு ஊகத்தைவிட மிக அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள். அதாவது, அந்தச் சொல்லின் வாசல் வரை போய்விட்டார்கள், இலக்கணமும் கையில் கிடைத்துவிட்டது, ஓசை மட்டும் பாக்கி. சைகை மொழி பேசுவோருக்கும் இதே தவிப்பு உண்டு; அவர்களுக்கு அது விரல் நுனியில் நிற்கிறது.

ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும்தான் இதில் அதிகம் சிக்குகின்றன. 1987-இல் நடந்த ஒரு சோதனை காரணத்தைக் காட்டியது. ஒரு முகத்தைக் காட்டி, இவர் தொழில் ரொட்டி சுடும் 'பேக்கர்' என்றால் மனத்தில் பதிகிறது. அதே முகத்தைக் காட்டி, இவர் குடும்பப்பெயர் பேக்கர் என்றால் மறந்துபோகிறது. ஒலி அதே ஒலிதான். ஆனால் தொழில் என்றதும் அடுப்பும் மாவும் மணமும் சேர்ந்து கைகொடுக்கின்றன. பெயர் ஒற்றை நூலில் தொங்குகிறது. பல நாள் சொல்லாமல் விட்டால் அந்த நூல் நைந்துபோகிறது, வயது ஏற ஏற இன்னும் கொஞ்சம்.

சரி, எப்படி விடுபடுவது? லோரி ஜேம்ஸ், டெபோரா பர்க் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. தவிக்கிறவர்களுக்கு, தேடும் சொல்லின் ஒலித்துண்டுகள் கலந்திருக்கும் வேறு சொற்களை வாசிக்கக் கொடுத்தார்கள். பொருளில் சம்பந்தமே இல்லாத சொற்கள். இருந்தும் விடை வருவது கூடியது. குளிக்கும்போதோ நடக்கும்போதோ ஒரு பெயர் தானாகக் குதித்து வருவதற்கும் இது ஒரு நல்ல விளக்கம். எங்கோ காதில் விழுந்த ஓர் ஒலி பாலத்தின் விட்டுப்போன பலகையைப் போட்டுவிடுகிறது.

முக்கிமுக்கி யோசிப்பது மட்டும் வேண்டாம். கனடாவில் ஏமி வாரினரும் காரின் ஹம்ஃப்ரீஸும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், தவிப்பவர்களைச் சிலமுறை 10 நொடி, சிலமுறை 30 நொடி காக்க வைத்து, பிறகு விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்விகள். அதிக நேரம் தவித்த சொற்களிலேயே மறுபடியும் அதிகம் சிக்கினார்கள். தவறான பாதையில் நடந்துநடந்து அதையே மூளை பழகிக்கொள்கிறது. ஆகவே உங்களையும் இனிக் காக்க வைக்க மாட்டேன்: ஓவியர் வெர்மீர், தலைநகரம் உலான்பாட்டர். வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

அடித்துச் சொன்ன தவறுக்கும் ஒரு பயன் உண்டு. ஆஸ்திரேலியாவின் தலைநகரம் சிட்னி என்று உறுதியாகச் சொன்னவருக்கு, இல்லை, கான்பரா என்று திருத்தினால், அரைமனதாகச் சொன்னவரைவிட அவருக்குத்தான் அது நன்றாகப் பதிய வாய்ப்பு அதிகம். 2001-இல் பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் இருவரும் இதைப் பதிவு செய்தார்கள். எதிர்பாராமல் தவறிய அதிர்ச்சியில் கவனம் முழுவதும் அந்த விடைமேல் குவிகிறது.

ஆர்வத்தின் வேலை இதைவிட வியப்பானது. கலிபோர்னியாவில் 2014-இல் நடந்த ஆய்வில், பொது அறிவுக் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு விடைக்கு 14 நொடி காக்க வைத்தார்கள். அந்த இடைவெளியில், கேள்வியோடு தொடர்பே இல்லாத ஒரு முகப்படம் திரையில் வந்து போகும். ஆர்வத்தைத் தூண்டிய கேள்விகளின் விடைகள் நன்றாக நினைவில் நின்றன; அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த 14 நொடிக்குள் வந்துபோன, யாரும் நினைவில் வைக்கச் சொல்லாத முகங்களும் சேர்ந்து பதிந்திருந்தன. அடுத்த நாள் கேட்டபோதும் அடையாளம் சொன்னார்கள்.